வாயில்லாத தலையணையும் நாற்பது பல்லும்

என் அக்காவை யாராவது "பாவம், சாது" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சாதுவாம். பஸ் டிப்போவில் போய்க் கேட்டுப் பாருங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளுக்கும் அவள் போட்டதுதான் டைம் டேபிள். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி கதவைத் திறந்து வைத்திருக்கும், எந்தத் திருப்பத்தில் எத்தனை விநாடி வீணாகும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆறடி உயர ஓட்டுநர்கள்கூட அவள் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஒருவர் தாமதத்துக்கு மழையைக் காரணம் சொன்னாராம். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மழை வந்தது நாலு பத்துக்கு, நீங்கள் மூன்று ஐம்பதுக்கே தாமதம் என்றாளாம். அந்த ஆள் அதற்குப் பிறகு மழையைப் பற்றியே பேசுவதில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் காலை வைத்ததும் வாயை மூடிக்கொள்வாள். திறந்து என்ன பிரயோசனம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். காரணம் என் அத்தான்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, ஒரு மாலை வீட்டுக்கு வரத் தாமதமானால் போன் செய்து சொல்வார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. அக்கா எதைச் சொன்னாலும் அது எங்கேயாவது தப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. சமையலறைக் குழாய் ஒழுகியபோது அக்கா வாஷர் போய்விட்டது என்றாள். அதெல்லாம் இல்லை, குழாயே போய்விட்டது என்றார் இவர். நாலு நாள் வாளி வைத்துப் பிடித்தோம். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் இவர் அக்காவிடம் ஓடி வந்து, வாஷர்தான் போயிருக்கிறதாம் என்று புத்தம் புதுச் செய்தி போலச் சொன்னார். அக்கா "அப்படியா" என்றாள். நான் அங்கிருந்து எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். போகாவிட்டால் அந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். அக்காவுக்கு ஒரே தங்கை. எனக்கும் கல்யாணம் ஆயிற்று, அது முடிந்தும் போயிற்று, அது கிடக்கட்டும். அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். பகலில் அத்தானுடைய லேபில் வேலை. அத்தான் பல் செட் செய்கிறவர். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை எங்களிடம் அனுப்புவார்கள். நான் அதில் ப்ளாஸ்டர் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். அத்தான் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பார். சும்மா சொல்லக்கூடாது, கைவேலையில் மன்னன். ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்தே, இந்த ஆள் இடது பக்கமாகத்தான் மெல்லுவார், தூக்கத்தில் பல்லைக் கடிப்பார் என்று சொல்லிவிடுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாயாடி" என்பார். நானும் அதற்குக் குறைவு வைத்ததில்லை.

இந்த மனிதருக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு பித்துப் பிடித்தது. போனில் பூதம் பிடிக்கிற ஆட்டம். போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் திரையில் ஏதாவது ஒரு ஜந்து எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து வளர்த்து, அடுத்தவர் ஜந்தோடு சண்டைக்கு விடவேண்டும். எங்கள் பகுதியில் மட்டும் முப்பத்தொரு பேர் இதற்காக அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சலூன் வைத்திருக்கும் அண்ணன்தான் தலைவர். மருந்துக்கடைப் பெண், தையல்காரர், தபால் கொண்டுவருகிறவர் என்று எல்லாம் வளர்ந்த ஜனம். வெட்கமே இல்லாமல் தெருமுனையில் நின்று திரையைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது ஜந்துகள் வரும். வருவதற்கு மூன்று வாரம் முன்பே அதன் படத்தையும், அது என்னென்ன அடி அடிக்கும் என்ற பட்டியலையும் வெளியிட்டுவிடுவார்கள். சண்டையில் அது தேறுமா தேறாதா என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதை நாம்தான் கணிக்கவேண்டும். ஒரு ஜந்தை உச்சத்துக்கு வளர்க்க ஒளிக்கல் என்று ஒன்று வேண்டும். மூன்று மாதம் செருப்புத் தேய நடந்தால் ஒரே ஒரு ஜந்துக்குப் போதுமான கல் சேரும். தப்பான ஜந்துக்குக் கொட்டிவிட்டால் திரும்ப வராது. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம். வரப்போகிற ஜந்துகளைப் பற்றிக் கணிப்பு எழுதுவார்கள், ஓட்டுப் போடுவார்கள், எது ஜெயிக்கிறதோ அதையே பெரும்பாலும் எல்லோரும் வளர்ப்பார்கள். பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குழுவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோதல்.

கணிப்பு எழுதுவதில் அத்தான்தான் அங்கே பெரிய ஆள். எதை வைத்துக் கணிப்பார்? வேறு எதை, பல்லை வைத்துத்தான். படம் வந்ததும் பெரிதாக்கி ஜந்துவின் வாயைப் பார்ப்பார். கோரைப்பல் உள்பக்கம் வளைந்திருந்தால் பிடித்த பிடியை விடாது, தாக்குதலில் கெட்டி. கடைவாய்ப்பல் தட்டையாக இருந்தால் தழை தின்கிற ஜாதி, எத்தனை அடி வாங்கினாலும் அசையாது. மேல் தாடை முன்னால் தள்ளியிருந்தால் அவசரக்காரப் பிறவி, ஒதுக்கிவிடு. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் பன்னிரண்டு கணிப்பில் ஒன்பது பலித்துவிட்டது. படம் வரைகிறவர்களும் பலசாலிக்கு நல்ல பல்லாகத்தான் வரைகிறார்கள் போலிருக்கிறது. குழுவில் அவருக்குப் பெயரே பல் ஜோசியர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு படத்தைக் காட்டி இது எப்படி இருக்கிறது பார் என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, பல்லை விட்டுவிட்டு அடிப் பட்டியலைப் படித்தாள். இதன் சின்ன அடிக்கே இவ்வளவு நேரம் ஆகிறதே, சண்டைக்கு ஆகாது என்றாள். அத்தான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீ பஸ்ஸைப் பாரு. இது மூளை வேலை," என்றார்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அக்கா குழம்பை நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் மாலை மாடிக்கு வந்தாள், என் போனில் அந்த ஆட்டம் எப்படி ஏற்றியிருக்கிறது என்று கேட்டாள். அத்தானை வேவு பார்க்க நான் ஏற்கெனவே அந்தக் குழுவில் இருந்தேன். ஆட்டத்தில் நான் ஒரு மண்ணும் செய்ததில்லை. அக்கா தன் போனில் ஏற்றிக்கொண்டு குழுவில் சேர்ந்தாள். பெயர் கேட்டது. ஒன்பதாம் நம்பர் என்று போட்டாள். ஏன் என்றேன். சும்மா என்றாள். ரோஷம் என்பது இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

அத்தான் மெச்சிய அந்த ஜந்து வந்தது, சண்டையில் மண்ணைக் கவ்வியது. அடுத்த முறை அவர் கணிப்பு எழுதியபோது ஒன்பதாம் நம்பர் கீழே நாலு வரி எழுதியது. பல் சரி, ஆனால் நேரத்தைப் பாருங்கள். சின்ன அடி அடிக்க அடிக்கத்தான் பலம் சேரும், பலம் சேர்ந்தால்தான் பெரிய அடி. இதற்குப் பலம் சேர ஒன்பது விநாடி, எதிராளிக்கு ஐந்து. எழுதிவிட்டு அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திருட்டு மாங்காய் அடித்தவள் மாதிரி இருந்தாள். பத்து நிமிடத்தில் அத்தானிடமிருந்து பதில் வந்தது. அருமையான பார்வை, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை, தங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது ஐயா என்று.

ஐயாவாம். அக்கா அதை மூன்று தடவை படித்தாள்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நம்பர் ஒரு ஆண் என்று குழு முடிவு செய்துவிட்டது. அத்தான் ஒரு படி மேலே போய், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராகத்தான் இருப்பார் என்று கண்டுபிடித்தார். எல்லோருக்கும் அவர் "சார்" ஆகிவிட்டார். சார் கூட்டத்துக்கு வருவதில்லை, சாருக்குக் கால் முடியாது போலிருக்கிறது என்று இவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். தினமும் மாலையில் அத்தான் முன்னறையில் உட்கார்ந்து சாருக்கு எழுதுவார். அக்கா சமையலறையில் நின்றபடி பதில் எழுதுவாள். நடுவில் ஒரு சுவர். ஒருமுறை அவசரத்தில் அக்கா, எதிராளி அதற்குள் இரண்டு டிரிப் அடித்துவிடுவான் என்று எழுதிவிட்டாள். மாட்டினோம் என்று நினைத்தேன். அத்தான் படித்துவிட்டு, சார் நிறைய பஸ்ஸில் போவார் போல என்றார். இந்த மனிதரிடம் ரகசியத்தை ஒளிக்கவே வேண்டாம், மேசைமேல் வைத்தாலும் பார்க்கமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், சார் சொன்னதையெல்லாம் அக்காவிடமே கொண்டுவந்து ஒப்பிப்பார். அந்த சார் எதையும் அளந்துதான் பேசுவார், அவரிடம் ஒரு வார்த்தை வீண் கிடையாது, உனக்கு அவரைக் காட்டவேண்டும் என்பார். அக்கா கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிடும். ஒருநாள் மாடியில் வைத்துச் சொன்னேன், போட்டு உடைத்துவிடு, இன்னும் எத்தனை நாள் இந்தக் கூத்து என்று. அக்கா சிரிக்கவில்லை.

"சொன்னா அந்த நிமிஷமே சார் போயிடுவார்டி. அப்புறம் நான்தான் இருப்பேன். என்கிட்ட யாரு பேசுவா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள், "ஒரே ஒரு தடவை, நான்தான்னு தெரிஞ்சே, நான் சொன்னது சரின்னு அவர் வாயால சொல்லணும். அது போதும் எனக்கு."

பத்தொன்பது வருடம் ஒரு ஆளோடு குடித்தனம் செய்தவள் கேட்கிற ஆசையைப் பாருங்கள். நகை கேட்கவில்லை, ஊர் சுற்றக் கேட்கவில்லை.

இந்தப் பருவத்துக்கு இரண்டு ஜந்துகளின் படம் வந்தது. ஒன்று முதலைக்கும் உடும்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வாய் நிறையப் பல். அத்தான் எண்ணினார், சரியாக நாற்பது. அன்றைக்கு லேபில் ஒரு வேலையும் ஓடவில்லை. பாவம், ஒரு தாத்தாவின் கீழ்த் தாடை மெழுகிலேயே கிடந்தது. இவர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பார் வாயாடி, எவ்வளவு ஒழுங்கான வரிசை, ஒரு பல்கூட ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை என்று கண் கலங்கினார். பல்லழகன் என்று அவரே பெயர் வைத்தார்.

இன்னொன்று வெள்ளையாக, உருண்டையாக, இரண்டு சின்னக் கண்களோடு சும்மா உட்கார்ந்திருந்தது. குழுவில் அதற்குத் தலையணை என்று பெயர். அத்தான் படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி வாயைத் தேடினார். வாயே இல்லை. அவர் தொழிலில் வாயே இல்லாத ஒரு உருப்படியை அதுவரை பார்த்ததில்லை. கணிப்பில் அதைப் பற்றி ஒரே வரி எழுதினார். வாய் இல்லாதது எதைக் கடிக்கும்?

அன்று மாலை அக்கா டிப்போவிலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் இரண்டின் அடிப் பட்டியலையும் படித்தாள். ஒரு தாளில் கோடு போட்டு விநாடிகளைக் குறித்தாள். பல்லழகன் பெரிய வண்டி, கூட்டம் ஏறும்வரை நின்றுகொண்டே இருக்கும், தலையணை சின்ன வண்டி, நாலு பேர் ஏறினாலே கிளம்பிவிடும் என்று எனக்கு விளக்கினாள். வண்டிப் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டுக் குழுவில் எழுதினாள். தலையணை லேசாக அடிக்கும், ஆனால் விடாமல் அடிக்கும். பல்லழகன் வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கல்லை அதில் கொட்டாதீர்கள்.

அத்தானுக்குச் சுருக்கென்றது. முதல்முறையாக சாரோடு மல்லுக்கு நின்றார். மூன்று நாள் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தாடை எலும்பு, கடிக்கும் கோணம், ஈறின் தடிமன் என்று இவர் அடுக்க, அந்தப் பக்கத்திலிருந்து விநாடி, விநாடி, விநாடி என்று வந்தது. வீட்டில் இரண்டு பேரும் உப்பைக் கொடு என்பதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் ஓட்டு. பல்லழகனுக்கு இருபத்தொன்பது, தலையணைக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று அக்கா, இன்னொன்று நான். என் ஓட்டைப் பார்த்துவிட்டு அத்தான் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ப்ளாஸ்டர் என்றால் ப்ளாஸ்டர், மெழுகு என்றால் மெழுகு, அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது.

ஜந்துகள் வந்தன. குழு தன் கல்லையெல்லாம் பல்லழகன்மேல் கொட்டியது. அக்கா மட்டும் தன்னுடையதைத் தலையணைக்குப் போட்டாள்.

மோதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற திறந்தவெளியில். அக்காவும் வந்தாள், ஜோசியரின் மனைவி என்ற முறையில், தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக. நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பக்கத்துக்கு ஐந்து பேர். ஜெயித்தவர் உட்கார்ந்தே இருக்கலாம், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். எந்தப் பக்கத்தில் ஐந்து பேரும் எழுந்துவிட்டார்களோ அந்தப் பக்கம் தோற்றது. எங்கள் பக்கத்தில் முதலில் சலூன் அண்ணன், கடைசியில் அத்தான்.

சலூன் அண்ணனின் பல்லழகன் வாயை மெல்ல, மிக மெல்லத் திறந்தது. திறந்து முடிப்பதற்குள் மூன்று பெரிய அடி வாங்கிப் படுத்துவிட்டது. மருந்துக்கடைப் பெண் ஒரு ஆளை எப்படியோ எழுப்பினாள், அடுத்த ஆளிடம் தானே எழுந்தாள். தையல்காரர் போன வேகத்தில் திரும்பி வந்தார். தபால்காரர் இன்னொரு ஆளை எழுப்பிவிட்டு வியர்த்து வழிய எழுந்தார். எங்கள் பக்கம் மிச்சம் அத்தான் ஒருவர்தான். அவர்கள் பக்கம் இன்னும் மூன்று பேர். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வெளிப்படையாகவே பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தான் நாற்காலிப் பக்கம் போனார், உட்காரவில்லை. போனை எடுத்து ஏதோ எழுதினார். எங்கள் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. குழுவுக்குத்தான் எழுதியிருந்தார். "சார், நீங்கள் சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது, இவர்கள் எல்லோருடைய கல்லும் என்னால் போயிற்று. தலையணை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என் இடத்தில் நீங்கள் ஆடவேண்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்." எதிர்த் தரப்பிடம் போய் அரை மணி நேரம் அவகாசமும் கேட்டு வாங்கினார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒரு நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பது பேர் முன்னால் தன் தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனம் வேண்டுமே. எல்லோரும் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைத்தடியோடு ஒரு கணக்கு வாத்தியார் வரப்போகிறார் என்று. வாத்தியார் என் பக்கத்தில் பெஞ்சில், தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"நான் எழுந்து போனா, சார் செத்தார்," என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்கோ போ என்று சொல்லவும் பயம், போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. அக்கா பாட்டிலை என் மடியில் வைத்தாள். எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அத்தான் பதறிப்போய்க் குனிந்து, சார் வருகிற நேரம், இது ஆடுகிறவர்கள் உட்காருகிற இடம், நீ எழுந்து அந்தப் பக்கம் போ என்றார். அக்கா தன் போனைத் திறந்து மேசைமேல் வைத்தாள். மேலே ஒன்பதாம் நம்பர் என்று இருந்தது. கீழே தலையணை, முழு வளர்ச்சியோடு, இரண்டு சின்னக் கண்களோடு உட்கார்ந்திருந்தது.

அத்தான் போனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். யார் போனை எடுத்துவந்திருக்கிறாள் என்று கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன். கேட்கவில்லை. மெல்ல இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

அக்கா ஆடியதைச் சொல்லவேண்டுமே. டிப்போவில் மேசைக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் நிற்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். உதடு மட்டும் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தது. தலையணை தட்டிக்கொண்டே இருந்தது, தட்டிக்கொண்டே இருந்தது. எதிராளி தன் பெரிய அடிக்குப் பலம் சேர்த்து முடிக்கிற விநாடியில் இவள் அடியைத் தடுக்கிற கேடயத்தைப் போட்டாள். ஒரு ஆள் எழுந்தார். இரண்டாவது ஆளும் எழுந்தார். சலூன் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி உலுக்கினார்.

கடைசியாக வந்தது அவர்களுடைய தலைவர். அவரும் தலையணைதான் வளர்த்திருந்தார். இரண்டு தலையணைகளும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு சின்ன அடி வித்தியாசத்தில் அக்காவுடையது சாய்ந்தது. தோற்றுவிட்டோம். ஆனால் கைதட்டல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அந்தத் தலைவர் எழுந்து அக்காவுக்கு வணக்கம் சொன்னார்.

இப்போது எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். முன்னால் வந்தார். வந்து என்ன சொன்னார் தெரியுமா? "அந்தக் கடைசிக் கேடயத்தை நீ கொஞ்சம் தாமதமாப் போட்டிருக்கணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பாட்டிலை ஓங்கியேவிட்டேன், மருந்துக்கடைப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். சார் நிஜமாகவே செத்துப்போனார், அந்த இடத்திலேயே அடக்கம் செய்தாயிற்று என்று நினைத்தேன். அக்கா கோபப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"அரை மணிக்கு முன்னாடி ஒண்ணு எழுதினீங்களே, அதை இப்ப சொல்லுங்க," என்றாள்.

எழுதியதைத்தான் எல்லோரும் படித்தாயிற்றே என்று அத்தான் மென்று விழுங்கினார்.

"அது சாருக்கு எழுதினது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அத்தான் சலூன் அண்ணனைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். தையல்காரர் செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். முப்பது பேர் இருந்தும் காப்பாற்ற ஒரு ஆள் இல்லை. அத்தானுக்கு முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்துவரை இறங்கியது. கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் அறிந்து அவர் அவளை அப்படி நின்று நிதானமாகப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

"நீ சொன்னதுதான் சரி," என்றார்.

பூசி மெழுகவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அக்கா தலையை ஆட்டினாள். போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு என்னை வா என்று கூப்பிட்டாள். அத்தான் குழுவோடு பேசிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கேட்டது கிடைத்துவிட்டது, ஜென்மம் சாபல்யம், இனிமேல் அந்த வீட்டில் நீதான் சார் என்றெல்லாம் உளறினேன். அக்கா கூடவே வந்தாள். நிறுத்தத்தில் போய் நின்ற பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. முதலில் சந்தோஷம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. என்னக்கா என்றேன்.

"ரெண்டு விநாடிகூட ஆகலடி அதைச் சொல்ல," என்றாள். "ரெண்டு விநாடி. அதைப் போய் பத்தொன்பது வருஷமா வச்சிருந்தார்."

வண்டி வந்தது. முதலில் அவளை ஏற்றிவிட்டு, பின்னால் நான் ஏறினேன்.